மூச்சு விடும் போர்வை

பனிக்காலம் வருமுன் ஓர் இழுவை வீட்டுக்கு உறை தேடுவது சின்ன வேலைதான். ஆனால் எதிரி யார் என்று தெரியாமல் தேடினால் உறையே எதிரியாகிவிடும்.

கேரவன் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு, படப்பிடிப்பு இடைவேளையில் நட்சத்திரங்கள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் குளிர்சாதன வண்டிதான் நினைவுக்கு வரும். அமெரிக்க நடுத்தர வர்க்கத்தின் கேரவன் வேறு ரகம். 'டிராவல் டிரெய்லர்' என்று அவர்கள் சொல்வது, இஞ்சின் இல்லாத, சக்கரம் வைத்த ஒரு குட்டி வீடு. படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளே உண்டு. பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு கோடை முழுவதும் ஏரிக்கரை, காடு, மலை என்று திரிவார்கள். அக்டோபரில் இலைகள் உதிரத் தொடங்கியதும் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அன்றே கவலை தொடங்கிவிடும். அடுத்த ஆறு மாதத்துக்கு இதை எதைக் கொண்டு மூடுவது?

இந்தக் கவலையின் முழுப் பரிமாணம் தெரிய வேண்டுமானால் மிச்சிகன் மாநிலத்தின் வடகோடிக்குப் போக வேண்டும். சுப்பீரியர் ஏரிக்குள் விரல் நீட்டியதுபோல் கிடக்கிறது கீவினா தீபகற்பம். கனடாப் பக்கத்திலிருந்து வரும் குளிர்ந்த வறண்ட காற்று, இன்னும் உறையாத ஏரியின் மேல் கடந்து வரும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கரை ஏறியதும் அத்தனையையும் பனியாகக் கொட்டிவிடுகிறது. ஒரு குளிர்காலத்தில் மொத்தமாக 200 அங்குலத்துக்கு மேல் பெய்வது அங்கே சாதாரணம். 1978-79 குளிர்காலத்தில் பெய்தது 390.4 அங்குலம். அதை மறக்கக் கூடாதென்று நெடுஞ்சாலை ஓரத்தில் உயரமான ஓர் அளவுகோலை நட்டு வைத்திருக்கிறார்கள்.

ஹோட்டன் நகருக்கு வெளியே வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற தபால்காரருக்கு இந்தப் பனி புதிதல்ல. செம்புச் சுரங்க வேலைக்காக ஃபின்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரன் அவர். முப்பது குளிர்காலங்கள் பனியில் கடிதம் சுமந்தவர். ஆனாலும் டிரெய்லருக்கு உறை வாங்குவது எப்படி என்று 71ஆம் வயதில்தான் அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. காரணம் எளிது. ஓய்வுபெற்ற வருடம் வாங்கிய அந்த டிரெய்லர் ஒரு குளிர்காலத்தைக்கூடப் பார்த்ததில்லை. அக்டோபர் வந்தால் கணவனும் மனைவியும் அதை இழுத்துக்கொண்டு அரிசோனாப் பாலைவனத்துக்குப் போய்விடுவார்கள். ஏப்ரலில்தான் திரும்புவார்கள். வெயில் தேடித் தெற்கே போகும் இத்தகைய முதியவர்களுக்கு அங்கே 'பனிப் பறவைகள்' என்று பெயர்.

ஒன்பது வருடம் பறந்த பிறகு, ஒரு ஜூன் மாதம் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. பள்ளி நூலகராக இருந்தவர். உயிருக்கு ஆபத்தில்லை. பேச்சு திரும்பிவிட்டது. இடது கையும் காலும் மெல்லத்தான் திரும்பிக்கொண்டிருந்தன. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி. அரிசோனா பற்றி யாரும் பேசவில்லை. செப்டம்பரில் மகன் வந்தபோதுதான் பேச்சு எழுந்தது. நல்ல விலை கிடைக்கும்போதே டிரெய்லரை விற்றுவிடலாம், ஒரு குளிர்காலம் வெளியே நின்றால் பாதி விலைக்குக்கூடப் போகாது என்றான் அவன். கணக்குப்படி அவன் சொன்னது சரி. தபால்காரர் பதில் சொல்லவில்லை. மனைவிதான் சொன்னார்: "நல்ல உறையாகப் பார்த்து வாங்கலாம்."

அதற்கு மேல் விவாதம் இல்லை. ஆனால் நல்ல உறை என்றால் எது?

பக்கத்து வீட்டுக்காரர் காசில்லாமல் ஒரு யோசனை சொன்னார். அவரிடம் பெரிய நீலத் தார்ப்பாய் ஒன்று சும்மா கிடந்தது. தார்ப்பாய் என்பது சுவாரசியமான சொல். ஆங்கிலத்தின் ஒலியும் தமிழின் பொருளும் அதில் அச்சாகப் பொருந்திவிட்டன. தார் பூசிய பாய். இன்று அதில் தாரும் இல்லை, பாயும் இல்லை, முழுக்க பாலிஎதிலீன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அதுதான் அதன் பெருமை. அதன் குறையும் அதுவே என்பதைத் தபால்காரர் விசாரித்துத் தெரிந்துகொண்டார். உள்ளே இருக்கும் ஈரமும் அதைத் தாண்டி வெளியே போகாது.

டிரெய்லரின் உடம்பைத் தெரிந்துகொண்டால் இது ஏன் முக்கியம் என்பது புரியும். இந்தியானா மாநிலத்தின் எல்க்கார்ட் வட்டாரத்தில்தான் அமெரிக்க டிரெய்லர்களில் பெரும்பாலானவை தயாராகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் உலோகமும் ஃபைபர்கிளாசும் பளபளக்கும். ஆனால் பல டிரெய்லர்களில் தோலுக்கு அடியில் இருப்பது மெல்லிய மரச்சட்டமும் பிளைவுட்டும்தான். கூரை என்பது பலகையின் மேல் ஒட்டிய ரப்பர் விரிப்பு. அந்த விரிப்பில் ஏசிக்கு ஒரு ஓட்டை, காற்றுப்போக்கிக்கு ஒரு ஓட்டை, கழிவறைக் குழாய்க்கு ஒரு ஓட்டை. ஒவ்வொன்றின் விளிம்பையும் சீலன்ட் பசைதான் அடைத்து நிற்கிறது. வெயிலிலும் குளிரிலும் பசை விரிசல் விடும். மயிரிழை விரிசலில் புகும் நீர் இரவில் உறையும். உறையும் நீர் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் பருக்கும். விரிசல் கொஞ்சம் அகலும். மறுநாள் இளகும், மேலும் நீர் புகும், மறுபடி உறையும். மார்ச் மாதத்துக்குள் கூரைப் பலகை ஊறிய ரொட்டியாகிவிடும். சுவரில் ஃபைபர்கிளாஸ் பலகையிலிருந்து பிரிந்து கொப்புளம்போல் எழும்பும். அதைச் சரிசெய்யும் செலவில் வண்டியையே தலைமுழுகியவர்கள் உண்டு.

ஆக, எதிரி பனி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உறைந்து கிடக்கும் பனி மரத்தை அழுகச் செய்வதில்லை. அழுகச் செய்வது ஈரம். அந்த ஈரம் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் இல்லை. மெத்தை, திரைச்சீலை, அலமாரி மரம் எல்லாம் கோடைக் காற்றின் ஈரத்தை வைத்திருக்கும். அடியிலுள்ள மண்ணிலிருந்தும் ஈரம் எழும்பும். பகல் வெயிலில் அது ஆவியாகும், இரவுக் குளிரில் பிளாஸ்டிக்கின் உட்பக்கத்தில் முத்து முத்தாக வியர்க்கும். வெளியேற வழியில்லாமல் திரும்பவும் சுவரில் வடியும். தார்ப்பாய்க்குள் ஆறு மாதம் இருந்த டிரெய்லரைத் திறப்பது, ஈரத் துணியைப் பெட்டிக்குள் வைத்து மறந்துவிட்டுத் திறப்பது போலத்தான்.

இந்தியாவில் இதை இந்திய உணவுக் கழகத்தின் ஆட்களிடம் சொன்னால் தலையாட்டுவார்கள். பஞ்சாப், ஹரியானா நெடுஞ்சாலை ஓரங்களில் கிடங்கு கிடைக்காத கோதுமை மூட்டைகளை மேடை மேல் அடுக்கிக் கறுப்பு பாலிதீன் போர்த்திவைப்பது பல வருட வழக்கம். அந்தப் போர்வையை அப்படியே விட்டுவிடக் கூடாது என்பது விதி. வெயிலடிக்கும் நாளில் தூக்கிவிட்டுக் காற்றாட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழையில் நனையாத கோதுமைகூடத் தன் ஈரத்திலேயே கெட்டுப்போகும். கோதுமைக்கு ஆள் இருக்கிறது, போர்வையைத் தூக்கிவிட. பனியில் புதைந்த டிரெய்லருக்கு யார் இருக்கிறார்கள்? துணியே அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

காற்றுப் புகாத டிரெய்லர் ஒன்று அமெரிக்க வரலாற்றில் உண்டு. 1969 ஜூலையில் நிலவிலிருந்து திரும்பிய ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவரையும் ஒரு டிரெய்லருக்குள்தான் அடைத்து வைத்தார்கள். நிலவுக் கிருமி பரவிவிடுமோ என்ற பயம். ஏர்ஸ்ட்ரீம் வண்டி ஒன்றை அதற்கென்றே மாற்றியமைத்திருந்தார்கள். ஜனாதிபதி நிக்சன் ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று பேசினார். ஆனால் அதற்குள் காற்றைச் சுத்தம் செய்யவும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தவும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தபால்காரரின் வாசலில் அதெல்லாம் இல்லை.

நீரைத் தடுக்க வேண்டும், ஆனால் ஆவியை விட வேண்டும். முரணாகத் தோன்றும் இந்த இரண்டையும் ஒரே துணி செய்ய முடியும் என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதி தந்த வசதி. 1955இல் டூபாண்ட் நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் ஒரு குழாயிலிருந்து வெள்ளைப் பஞ்சுபோல் ஏதோ வெளிவருவதை ஆராய்ச்சியாளர் ஒருவர் கவனித்தார். அதுதான் பிறகு டைவெக் ஆயிற்று. நெய்யாமல், நுண்ணிழைகளை வெப்பத்தால் அழுத்திப் பிணைத்த தாள். இழைகளுக்கு இடையே நீர்த்துளி நுழைய முடியாது, நீராவி நுழையும். புதிய வீடுகளின் சுவரைச் சுற்றுவதற்கும், கிழியாத தபால் உறைகளுக்கும் அது பயன்படுகிறது. அந்த உறைகளை அவர் ஆயிரக்கணக்கில் விநியோகித்திருக்கிறார். பெயர் மட்டும் தெரியாது.

டிரெய்லர் உறைகளில் அதிகம் விற்பது, இதே தத்துவத்தில் பாலிபுரோப்பிலீன் இழையால் செய்த நெய்யாத துணி. மழையும் பனியும் விழும் கூரைப் பகுதிக்கு மூன்று அடுக்கு, பக்கங்களுக்குப் பெரும்பாலும் ஓர் அடுக்கு. அந்த ஓர் அடுக்கின் வழியாகத்தான் வண்டி மூச்சு விடும். 'மேலே கனம் அதிகமானது நல்லது. பக்கத்திலும் அவ்வளவு கனம் கேட்காதீர்கள்' என்பது விவரம் தெரிந்தவர்களின் அறிவுரை. இந்தத் துணிக்கு வெயில் ஆகாது. அரிசோனாவில் நிற்கும் வண்டி என்றால் பாலியெஸ்டரோ, இழையிலேயே சாயம் ஏற்றிய அக்ரிலிக்கோ பார்க்க வேண்டும். பனியும் ஈரமும் உள்ள வடக்குக்கு நெய்யாத துணி போதும். 'எல்லாப் பருவத்துக்கும் ஏற்றது' என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை அவர் நம்பவில்லை. எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற சட்டை ஒன்றை அவர் இதுவரை பார்த்ததில்லை.

துணியைத் தேர்ந்தெடுத்தாலும் அளவு தப்பினால் வீண். டிரெய்லரின் பெயர்ப்பலகையில் 24 என்று ஓர் எண் இருந்தது. அது நீளம் என்று நினைத்து ஆர்டர் கொடுப்பவர்கள் ஏராளம். அவர் டேப்பை எடுத்து, முன்னால் கேஸ் சிலிண்டரிலிருந்து பின்னால் தொங்கும் உபரிச் சக்கரம் வரை அளந்தார். 26 அடி 4 அங்குலம். கொக்கி மாட்டும் முன் கம்பியைச் சேர்க்கவில்லை. அது உறைக்கு வெளியேதான் நிற்கும். கூரையில் ஏசி துருத்திக்கொண்டிருந்ததால் உயரத்தையும் தனியாக அளந்தார். சிறியதாக வாங்கினால் மூலையில் கிழியும். பெரியதாக வாங்கினால் ஏரிக் காற்றில் பாய்மரம்போல் உப்பிப் படபடக்கும். படபடக்கும் துணி உப்புத்தாள்போல் பெயின்டைத் தேய்த்துவிடும். தார்ப்பாயிடம் இன்னொரு குற்றம் இதுதான். அதன் பித்தளை வளையங்களில் கயிறு கட்டி இழுத்தால் முதல் புயலில் வளையம் பிய்ந்துகொண்டு வரும். பிறகு குளிர்காலம் முழுக்க அது வண்டியை அறைந்துகொண்டே இருக்கும். நல்ல உறையில் காற்று வெளியேற வலைத் துளைகள் இருக்கும். அடிவயிற்றின் கீழே விட்டு இறுக்க பட்டைகளும் இருக்கும்.

உறை ஒன்றைச் செய்யாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது பாரம் தாங்காது. 26 அடி நீளம், 8 அடி அகலக் கூரையில் ஓர் அடி உயரத்துக்குப் பனி படிந்தால் 208 கன அடி. படிந்து இறுகிய பனி கன அடிக்கு ஐந்தாறு கிலோ இருக்கும். மொத்தம் ஒரு டன்னுக்கு மேல். அந்த டன்னைக் கூரைதான் சுமக்க வேண்டும். போர்வை போர்த்திவிட்டோம் என்று வீட்டுக்குள் இருந்துவிட முடியாது. கீவினாவில் வீட்டுக் கூரையிலிருந்தே பனியைத் தள்ளுகிறவர்கள் டிரெய்லர் கூரையையும் மறக்கக் கூடாது. இரும்புச் சட்டுவத்தைத் தொடாமல், மெத்தென்ற ஃபோம் பலகை மாட்டிய நீளக் கோலால் தள்ள வேண்டும். உண்மையான தீர்வு நாலு தூணும் தகரக் கூரையும் போட்ட கொட்டகைதான் என்பார்கள். அதற்கு ஆகும் செலவு வேறு கணக்கு. உறைக்குச் சில நூறு டாலர் போதும்.

உறையே வேண்டாம் என்கிற கட்சியும் உண்டு. வருடா வருடம் கூரையின் சீலன்ட்டைப் பார்த்து விரிசலை அடைத்தால் போதும், திறந்தவெளிக் காற்றே உலர்த்திவிடும், மட்டமான உறையைவிட உறையில்லாமை மேல் என்பது அவர்கள் வாதம். தபால்காரர் அந்த வாதத்தின் முதல் பாதியை எடுத்துக்கொண்டார். செப்டம்பர் இறுதியில் ஏணி வைத்து ஏறி ஒவ்வோர் ஓட்டையின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்து, விரிசல் கண்ட இடத்தில் புதுப் பசை வைத்தார். கசியும் கூரைக்கு மேல் போடும் உறை, புண்ணைக் கழுவாமல் கட்டும் கட்டு மாதிரி.

உள்ளேயும் வேலை இருந்தது. தண்ணீர்த் தொட்டி, வெந்நீர்ப் பானை இரண்டையும் காலி செய்து, குழாய்களில் காற்றை ஊதி, எஞ்சிய நீருக்கு இளஞ்சிவப்பு உறைதடுப்புத் திரவத்தை ஓட விட்டார். குடிநீர்க் குழாய்க்கு புரோப்பிலீன் கிளைகால் கொண்ட திரவம்தான் போக வேண்டும். கார் ரேடியேட்டருக்கு வழக்கமாக ஊற்றும் எதிலீன் கிளைகால் விஷம். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார். எலி நுழையும் சந்துகளில் ஸ்டீல் உல்லைத் திணித்தார். மெத்தைகளைச் சாய்த்து நிறுத்தினார். ஈரம் உறிஞ்ச, கால்சியம் குளோரைடு நிரப்பிய கிண்ணங்களை வைத்தார்.

உறை பற்றி மனைவி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. கதவு இருக்கும் பக்கம் ஜிப் வேண்டும். பல உறைகளில் பக்கவாட்டில் ஜிப் வைத்த மடிப்புகள் உண்டு. சுருட்டி மேலே கட்டிவிட்டு உள்ளே போகலாம். எலியும் ஈரமும் புகுந்திருக்கிறதா என்று பார்க்க அது தேவை என்று அவர் நினைத்துக்கொண்டார். மனைவி சொன்ன காரணம் வேறு. ஜனவரியில் ஒரு நாள் உள்ளே போய் உட்கார வேண்டும். டிரெய்லர் வாசலில் இரண்டு படி. வீட்டு மாடிப்படியைவிட உயரம் அதிகம். பிசியோதெரபிக்காரர் நோட்டில் எழுதும் இலக்குகளோடு தானும் ஓர் இலக்கு வைத்துக்கொண்டிருந்தார் அவர்.

பெட்டி வந்த அன்று உத்தரவாதச் சீட்டை அவர்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். மூன்று வருடம் என்றிருந்தது. "மூன்று குளிர்காலம்" என்றார் கணவர். "அதற்குள் ஒன்றிலாவது அரிசோனாவில் இருப்போம். உறைக்கு ஒரு வருடம் மிச்சம்" என்றார் மனைவி.

போர்த்தும் வேலை இரண்டு ஆள் வேலை. மூன்று பேர் இருந்தால் நல்லது. விற்கச் சொன்ன மகனும், தார்ப்பாய் தர வந்த பக்கத்து வீட்டுக்காரரும் வந்தார்கள். முந்தின நாளே வண்டியைக் கழுவிக் காய விட்டிருந்தார்கள். அழுக்கு இருந்தால் உறைக்கும் பெயின்டுக்கும் நடுவே அதுதான் உப்புத்தாள். காற்றில்லாத காலை. மழைநீர் வழியும் மூக்குகளிலும், ஏணி முனையிலும், ஏசியின் கூர்மூலைகளிலும் பழைய டென்னிஸ் பந்துகளை வெட்டிச் செருகினார்கள். ஃபோம் துண்டுகளைக் கட்டினார்கள். உறை கிழிவது பெரும்பாலும் இந்த மூலைகளில்தான். முன்பக்கம் எது என்று துணியில் தேடிக் கண்டுபிடித்துக் கூரையில் ஏற்றி, பின்னால் உருட்டிவிட்டார்கள். பட்டையின் நுனியில் மணல் பை கட்டி வண்டிக்கு அடியில் எறிந்து மறுபக்கம் பிடித்து இறுக்கினார்கள். வராந்தாவில் போர்வை சுற்றி உட்கார்ந்திருந்த மனைவி, இடது மூலை தொங்குகிறது என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் அவர் சொன்னது சரியாக இருந்தது.

உறை நல்லதா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பனி வழுக்கி விழுவதும் துணி கிழியாமல் நிற்பதும் பாதிச் சான்றுதான். மீதிச் சான்று கதவைத் திறந்ததும் மூக்குக்குக் கிடைக்கும். ஊறிய மரத்துக்கும் பூசணத்துக்கும் ஒரு வாசம் உண்டு. எந்த வாசனைத் திரவியமும் அதை மறைக்காது. ஜனவரி நடுவில், வாசல் பனியை வழித்த ஒரு வெயில் நாளில், தபால்காரர் ஜிப்பை இழுத்துத் திறந்தார். மனைவி கைத்தடியைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் கம்பியைப் பிடித்து முதல் படி ஏறினார். இரண்டாவது படிக்கு நேரம் பிடித்தது. உள்ளே போனதும் மெத்தையைத் தடவிப் பார்த்தார். கிண்ணங்களில் கொஞ்சம் நீர் சேர்ந்திருந்தது. ஜன்னல் ஓரம் உலர்ந்திருந்தது. அலமாரியைத் திறந்து முகர்ந்தார். போன வருடம் அரிசோனாவில் வாங்கி வைத்த காப்பிப் பொடி வாசம் மட்டும் இருந்தது.